மொரோஸுமியின் அசையாத கோடு

மொரோஸுமி தகேஃபுமியை நான் பெரிய மனிதர் என்று சொல்லமாட்டேன். அவர் வரைந்த ஜைரோக்களில் பாதிக்கு மேல் விலைபோகாதவை. பேச்சில் சுவை கிடையாது. மதிய உணவுக்கு ஆண்டு முழுவதும் ஆறிப்போன சோபா நூடுல்ஸைத்தான் சாப்பிடுவார். அதிலும் சாற்றைக் குடிக்காமல் வைத்துவிடுவார். சுவா ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் நிறுவனத்தில் அவருக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை. வெளியே மாட்டியிருந்த பலகையில் 'கோண உணர்வுப் பிரிவு' என்று எழுதியிருக்கும். பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். அதை அடுத்த அறையில் என் மேசை.

ஜைரோ என்றதும் பலருக்குப் பம்பரம் நினைவுக்கு வரும். பழைய ஜைரோக்கள் அப்படித்தான் இருந்தன. மொரோஸுமியின் ஜைரோவில் எதுவும் சுற்றாது. நகத்தைவிடச் சின்னதாக, குவார்ட்ஸ் படிகத்தில் செதுக்கிய ஒரு கவைதான் அது. மின்சாரம் கொடுத்தால் அதன் இரண்டு கால்களும் ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் நடுங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்திருக்கும் கை லேசாகத் திரும்பினால் கால்கள் பக்கவாட்டில் தள்ளப்படும். சுற்றும் ராட்டினத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நடந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தள்ளல் தெரியும். எவ்வளவு தள்ளப்பட்டது என்று அளந்தால் எவ்வளவு வேகமாகத் திரும்பினோம் என்பது கிடைத்துவிடும். இரண்டு கால் எதற்கு என்று கேட்டால் மொரோஸுமி கொஞ்சம் உற்சாகமாவார். "ஒத்தக்கால் வச்சா யாராவது கதவ அடைச்சாக்கூட திரும்பிட்டேன்னு சொல்லும். ரெண்டு கால் எதிரெதிரா ஆடினா, வெளியிலேருந்து வர்ற ஆட்டம் ரெண்டையும் ஒரே பக்கமா தள்ளும். ஒண்ணுலேருந்து ஒண்ணக் கழிச்சா அது போயிடும். திரும்புனது மட்டும் மிஞ்சும்." இதைச் சொல்லி முடித்ததும் மறுபடி அணைந்துவிடுவார்.

அவருக்கு ஓர் உடல்குறை இருந்தது. பேருந்தில் ஏறினால் குமட்டும். மின்தூக்கியில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். அலுவலகத்தில் காலை எட்டு மணிக்கு மாடிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் வானொலிப் பியானோவுக்கு ஏற்ப உடற்பயிற்சி செய்யும்போதும் அவருக்குத் தலை சுற்றும். சுவரோரமாக நின்று ஒரு கையால் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையை மட்டும் ஆட்டுவார். நிறுவனத்து மருத்துவர் ரத்தம் போதவில்லை என்று சொல்லி ஈரல் சாப்பிடச் சொன்னார். பல வருடம் சாப்பிட்டார். தலை சுற்றுவது நிற்கவில்லை.

டிஜிட்டல் கேமராக்கள் வீட்டுக்கு வீடு வரத் தொடங்கிய காலம் அது. கை நடுங்கினாலும் படம் கலங்காமலிருக்க கேமராவுக்குள் ஜைரோ வைத்தார்கள். அதுவரை கப்பல்காரர்களைத் தவிர யாருக்கும் தேவைப்படாத மொரோஸுமி திடீரென்று எல்லோருக்கும் தேவைப்பட்டார். ஆனால் அசையாமல் வைத்து எடுத்த பதிவோடு அவர் அனுப்பிய மாதிரிகள் இரண்டு முறை திரும்பி வந்தன. 'சும்மா இருக்கும்போது சும்மா இருப்பதில்லை' என்பதுதான் குறை. அசையாமல் வைத்த ஜைரோ பூஜ்யம் காட்ட வேண்டும். இவருடையது எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

எங்கள் தலைவர் ஒகுச்சி, நிறுவனத்தைத் தொடங்கியவரின் மகன், எண்பதை நெருங்கியவர். அவர் மொரோஸுமியை அழைத்து மென்மையாகச் சொன்னார்.

"மொரோஸுமி, இன்னொரு கேமரா கம்பெனி வருது. இதுவும் போச்சுன்னா கீழ் ரூமை மூடிடலாம்னு இருக்கேன். நீ கவலைப்படாத. பொது நிர்வாகத்துல இடம் இருக்கு."

பொது நிர்வாகம் என்றால் பூந்தொட்டிகள், ஆண்டிறுதி விருந்து, கழிப்பறைச் செருப்புகள், காலை உடற்பயிற்சி. அதன் தலைவி கசாஹரா தொமொயே, குரலாலேயே கதவைத் திறக்கக்கூடியவர். மொரோஸுமிக்கு ஐம்பத்திரண்டு வயது. கவையின் காலைத் தவிர உலகத்தில் வேறு எதையும் நேராக நிறுத்தத் தெரியாதவர். கீழே வந்து என்னிடம், "செருப்ப ஜோடி சேர்க்கற வேலை" என்றார்.

முணுமுணுப்பைப் பிடித்தாக வேண்டும். ஜைரோ சொல்வதை எந்நேரமும் வரைந்துகொண்டிருக்கும் பதிவுக் கோட்டை உட்கார்ந்து பார்த்தார். பெரிய முணுமுணுப்பு காலையில் மட்டும்தான் வந்தது, அதுவும் ஒரே நேரத்தில். மின்சாரத்தில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டினார். சிற்றுண்டிச்சாலையில் அந்த நேரத்தில்தான் மின்சாரச் சோற்றுப்பானையைப் போடுகிறார்கள் என்று தெரிந்ததும், அதைத் தாமதமாகப் போடச் சொல்லி வேண்டிக்கொண்டார். அன்று மதியம் நிறுவனமே வெறுந்தட்டோடு உட்கார்ந்திருந்தது.

சரக்கு அனுப்பும் பிரிவின் ஹமா, சுவா வட்டாரத்திலேயே பருத்த மனிதர். அவர் தட்டைத் தட்டிக்கொண்டு கத்தினார். "மொரோஸுமி-சான், உங்க மிஷின் நிக்கணும்னு என் வயித்த நிறுத்திட்டீங்களே! அது சுத்துதோ இல்லியோ, எனக்குச் சுத்துது!"

பானை தள்ளிப்போன அன்றும் முணுமுணுப்பு அதே நேரத்தில் வந்திருந்தது; சோற்றுப்பானை குற்றமற்றது என்று ஆனது. அந்த வாரம் மொரோஸுமிக்குக் கணுக்கால் சுளுக்கியது. உடற்பயிற்சிக்கு மாடியேற முடியாமல் கீழேயே உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் பியானோ ஒலித்தது. கோடு அசைந்தது. இடுப்பை வளைத்துச் சுற்றும் பகுதி வந்ததும் கோடும் பெரிதாக வளைந்தது. குதிக்கும் பகுதியில் துள்ளியது. ஆழமாக மூச்சு விடும் பகுதியில் அமைதியானது. ஜைரோ எதையும் தவறாகச் சொல்லவில்லை. ஏரிக்கரைச் சேற்றில் நிற்கிற எங்கள் கட்டடம் அறுபது பேர் ஒன்றாக வளையும்போது உண்மையாகவே ஒரு மயிரிழை சாய்ந்து நிமிர்ந்தது. இரட்டைக் காலால் இதைக் கழிக்க முடியாது. இது வெளியிலிருந்து வந்த உதறல் இல்லை. கட்டடமே திரும்புகிறது. திரும்புகிறது என்று சொல்வதுதானே அதன் வேலை.

நொண்டிக்கொண்டே என் மேசைக்கு வந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "எனக்கு ரத்தம் சரியாத்தான் இருக்கு. கட்டடம்தான் சுத்துது."

அசையாமை என்று ஒன்று உண்டா என்று நான் சில நாள் யோசித்திருக்கிறேன். பூமி சுற்றுகிறது, ஏரி நகர்கிறது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் நெஞ்சு துடிக்கிறது. பூஜ்யம் என்பது பலர் கூடிச் செய்துகொண்ட உடன்பாடு என்றே தோன்றுகிறது. மொரோஸுமியிடம் இதைச் சொன்னபோது, "அந்த உடன்பாட்டுக்கு எட்டு மணிக்கு நம்ம கம்பெனி வர்றதில்ல" என்றார்.

கேமரா நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது. சுஜிமுரா என்ற அதிகாரி உதவியாளரோடு வருவார். எட்டு மணிக்கு முன்பே வந்து, தொடக்கத்திலிருந்து பதிவைப் பார்ப்பார். இவ்வளவு சீக்கிரம் ஏன் என்று எல்லோருக்கும் தோன்றியது. யாரும் கேட்கவில்லை. விருந்தாளி நேரம் சொன்னால் ஏன் என்று கேட்பது எங்கள் பக்கத்தில் அவரை வேண்டாமென்பதற்குச் சமம்.

மொரோஸுமி கசாஹராவிடம் போனார்.

"கசாஹரா-சான், அன்னைக்கு ஒரு நாள் மட்டும் உடற்பயிற்சிய..."

"நிறுத்தவா?" கசாஹரா எழுந்தே நின்றுவிட்டார். "தலைவரோட அப்பா ஆரம்பிச்சது. நிலநடுக்கம் வந்த அன்னைக்குக்கூட மூச்சுப் பயிற்சிய முடிச்சுட்டுத்தான் வெளியே ஓடினோம். தெரியுமில்ல?"

"வெளியே முற்றத்துல செய்யலாமே?"

"பனி."

"மெதுவா செய்யலாமே?"

"பியானோ மெதுவா வாசிக்குமா?"

மொரோஸுமி திரும்பி வந்து நூடுல்ஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். சோதனை மேசையைக் கருங்கல்லோடு சேர்த்துத் தரையில் பூட்டியிருந்ததால் அதை வேறெங்கும் கொண்டுபோக முடியாது. மாலையில் மறுபடி மாடியேறினார். இந்த முறை கேட்கவில்லை, அறிவித்தார்.

"எல்லாரும் செய்யட்டும். பாதிப்பேர் ஏரியப் பாத்து நிக்கட்டும், பாதிப்பேர் மலையப் பாத்து நிக்கட்டும். இவங்க முன்னால குனிஞ்சா அவங்க அந்தப்பக்கம் குனிவாங்க. இவங்க இடது அவங்களுக்கு வலது. ஒண்ணை ஒண்ணு கழிச்சுடும்."

கவைக்குச் செய்ததையே மனிதர்களுக்கும் செய்யப் பார்த்தார். கசாஹராவுக்கு வேறு கவலை. கட்டடம் சாய்வதைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை.

"தலைவர் முன்னால நிக்கறாரு. பாதிப்பேர் அவருக்கு முதுகு காட்டுவாங்களா?"

"தலைவர் நடுவுல நிக்கட்டும். எல்லாரும் அவரைப் பாத்து நிப்பாங்க."

"அப்ப அவரு யாருக்கு முதுகு காட்டுவாரு?"

இருவரும் தலைவரிடமே போனார்கள். ஒகுச்சி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நான் பக்கவாட்டுல திரும்பி ஜன்னலப் பாத்து நிக்கறேன். எல்லாருக்கும் ஒரு காது" என்றார். அவர் வாழ்நாளில் எடுத்த முடிவுகளில் இதைத்தான் நான் நியாயமானது என்று சொல்வேன்.

அடுத்த சிக்கல் எடை. இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். கவையின் கால்களில் ஒன்று கனத்துவிட்டால் நுனியில் பூசிய தங்கத்தை ஒளிக்கதிரால் துளித்துளியாகச் சுரண்டிச் சரிசெய்வார்கள். ஹமாவைச் சுரண்ட முடியாது. நகர்த்தத்தான் முடியும். ஆண்கள் எடையைச் சொல்லிவிட்டார்கள், பொய்யாக. பெண்கள் மறுத்துவிட்டார்கள்.

கணக்குப் பிரிவிலிருந்து ஒரு குரல் வந்தது. "என் எடை என் புருஷனுக்கே தெரியாது. ஜைரோவுக்கு எதுக்குத் தெரியணும்?"

ஹமாதான் வழி சொன்னார். "எங்க சரக்குத் தராசுல மொத்தமா ஏறச் சொல்லுங்க. பத்துப் பேரா ஏறினா யாரு யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குக் கூட்டுத்தொகை போதும்" என்றார் மொரோஸுமி நன்றியோடு.

பெண்கள் கூட்டமாகத் தராசில் ஏறினார்கள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. ஏரிப்பக்கம் கொஞ்சம் இலகுவாக வந்தது. அங்கே நின்றவர்களில் மெலிந்த இருவர் முதுகில் அரிசிப் பை கட்டிக்கொண்டார்கள். ஹமாவை நடுக்கோட்டுக்கு அருகே, தலைவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆண்டுக்கணக்கில் கடைசி வரிசையில் நின்று பாதிப் பயிற்சியை ஏமாற்றி வந்தவருக்கு அது தண்டனையாகத்தான் இருந்தது.

முதல் ஒத்திகையில் கோடு ஏறக்குறையப் படுத்துவிட்டது. ஆனால் அதன்மேல் மெல்லிய புல் முளைத்தது போல ஒரு நடுக்கம் இருந்தது. என்னவென்று பார்க்க மொரோஸுமி மாடிக்கு வந்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை காலம் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தே பயிற்சி செய்தவர்கள், முதல்முறையாக எதிரே ஒரு முகம் குனிந்து நிமிர்ந்து வாயைப் பிளப்பதைப் பார்த்தார்கள். கசாஹரா சிரிப்பைத் தடைசெய்தார். மறுநாள் கோட்டில் புல் இல்லை.

சுஜிமுரா வந்தார். ஒல்லியானவர், அளவாகக் குனிந்து வணங்கினார், கையுறையைக்கூட ஒழுங்காக மடித்து வைத்தார். மொரோஸுமியும் நானும் அவரோடு கீழறையில் இருந்தோம். மொரோஸுமிக்கு வேர்த்தது. சுஜிமுரா சோதனை மேசைமேல் இருந்த சுழல்தட்டை விரலால் லேசாகத் திருப்பினார். கோடு பணிவாக எழுந்து அமர்ந்தது. "நல்லது" என்று கைகட்டிக் காத்திருந்தார்.

மேலே பியானோ தொடங்கியது. அறுபது பேரின் காலடி கூரையில் கேட்டது. குனிந்தார்கள், வளைந்தார்கள், குதித்தார்கள். விளக்குக்கூட ஆடியது. கோடு ஆடவில்லை, கோடு போட்டதுபோல் கிடந்தது. மொரோஸுமியின் முகம் தெளிந்தது.

பயிற்சி முடிந்தது. சுஜிமுரா பல்லிடுக்கில் காற்றை மெதுவாக உள்ளே இழுத்தார். எங்கள் நாட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டால் விற்பவன் பெட்டியை மூடத் தொடங்குவான்.

"மொரோஸுமி-சான், தப்பா நெனைக்காதீங்க. நாங்க எந்தக் கம்பெனிக்குப் போனாலும் உடற்பயிற்சி நேரத்துக்குத்தான் போவோம்."

"ஏ... ஏன்?"

"காசில்லாம கெடைக்கிற சோதனை. எல்லாக் கட்டடமும் அப்ப கொஞ்சம் ஆடும். நல்ல ஜைரோன்னா அதைப் பாத்துடும். கேமராவப் பிடிச்ச கை இந்த மாதிரிதான் பொடிசா நடுங்கும். தலைமேல இவ்வளவு பேர் குதிச்சும் ஒண்ணும் தெரியலன்னா..." கொஞ்சம் தயங்கினார். "சின்ன அசைவ எல்லாம் மறைச்சுட்டு பூஜ்யம்னு காட்டற மாதிரி ஏதாவது செஞ்சு வச்சிருக்கீங்களா?"

மொரோஸுமி மறைத்துத்தான் இருந்தார். ஜைரோவுக்குள் மறைக்காமல் மாடியில் மறைத்திருந்தார். எதையும் உணராத கருவியும் அசையாத இடத்தில் இருக்கும் கருவியும் ஒரே கோட்டைத்தான் போடும். எது எது என்று கோட்டிடம் கேட்டுப் பயனில்லை. கீழறை மூடப்படுவதை அவர் கண்ணில் பார்த்தேன்.

"கருவி சரியாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "ஆளுங்களத்தான் சரிபண்ணிட்டேன்."

"புரியல."

"எதிரும் புதிருமா நிறுத்தி வச்சிருக்கேன். எடை போட்டு."

சுஜிமுரா உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் கூரையைப் பார்த்தார்.

மாடிக்குப் போனோம். அறுபது பேரும் கலையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். விருந்தாளி போகும்வரை நிற்கச் சொல்லியிருந்தார் கசாஹரா. இரு பக்கத்து முகங்களையும், முதுகில் அரிசிப் பைகளையும், ஜன்னலைப் பார்த்து நிற்கும் தலைவரையும் சுஜிமுரா வரிசையாகப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

"ஒருத்தர எடுத்துட்டா கோடு அசையணும், இல்லியா?"

"அசையும்" என்றார் மொரோஸுமி.

"இன்னொரு தடவை செய்ய முடியுமா?"

கூடம் திகைத்தது. ஒரே நாளில் இரண்டாவது உடற்பயிற்சி என்பது எங்கள் வரலாற்றில் இல்லை. வானொலியும் செய்திக்குப் போய்விட்டது. ஒகுச்சி ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் எண்ணறேன்" என்றார்.

அவர் எண்ணினார். கீழே உதவியாளர் கோட்டைப் பார்த்துப் படிக்கட்டு வழியாகக் கத்தினார். "அசையல!" ஹமாவை உட்கார வைத்தார்கள். அவர் நடுக்கோட்டை ஒட்டி நின்றவர் என்பதால் கோடு கொஞ்சமே அசைந்தது. ஹமாவுக்கு முகம் தொங்கிவிட்டது. ஓரத்தில் நின்ற கணக்குப் பிரிவுப் பெண்மணியை உட்கார வைத்தார்கள். "ஆடுது!" என்று குரல் வந்தது. அவர் எழுந்தார். "நின்னுடுச்சு!"

சுஜிமுராவுக்கு ஏதோ பிடித்துவிட்டது. அரிசிப் பைகளை அவிழ்க்கச் சொன்னார், கட்டச் சொன்னார். தானே ஒரு பக்கம் போய் நின்று குனிந்தார். கடைசியில் எல்லோரையும் ஏரிப்பக்கம் திருப்பி, வழக்கம்போலச் செய்யச் சொன்னார். ஒகுச்சிக்குத் தொண்டை கட்டிவிட்டதால் கசாஹரா எண்ணினார்.

"இப்ப அலை மாதிரி வருது!" கீழிருந்து வந்த குரலில் பயம் இருந்தது.

மொரோஸுமி ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். முகம் வெளிறிவிட்டது. அந்தக் காலையில் எங்கள் நிறுவனம் ஒரு பொருளும் செய்யவில்லை. சுஜிமுரா கையுறையை மாட்டிக்கொண்டு, "ம்" என்றார். அந்த 'ம்' மூன்று வாரத்தில் ஒப்பந்தமாக வந்தது.

கீழறை பிழைத்தது என்று நாங்கள் நினைத்தோம். ஒப்பந்தம் வந்த மறுநாள் பயிற்சி முடிந்ததும் ஒகுச்சி எல்லோரையும் நிறுத்தினார். நாங்கள் இப்போதும் எதிரும் புதிருமாகத்தான் நின்றிருந்தோம். பழையபடி மாறச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"அப்பா காலத்துலேருந்து பாக்கறேன். உடற்பயிற்சிய இவ்வளவு யோசிச்சு யாரும் ஒழுங்கு பண்ணினதில்ல" என்றார் தலைவர். "கசாஹரா வசந்தத்துல ஓய்வு பெறுறாங்க. ஜைரோவ இனி கேமராக்காரங்களே பாத்துப்பாங்க, ஆள் அனுப்பறாங்க. மொரோஸுமி, பொது நிர்வாகத்த நீ எடுத்துக்கோ. பிரிவுத் தலைவர் பதவி."

கைதட்டினார்கள். தோற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அதே செருப்புகள், வென்றதற்குப் பரிசாக வந்திருந்தன. இதில் தலைவரைக் குறை சொல்ல முடியாது. தன்னிடம் இருந்ததில் உயர்ந்தது என்று அவர் மனமார நம்பியதைத்தான் கொடுத்தார்.

மொரோஸுமி பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். "அது கொஞ்சம்..." என்றார்.

எங்களில் யாருக்கும் அதற்குமேல் தேவையில்லை. 'அது கொஞ்சம்' என்றால் முடியாது என்று பொருள். மீதி வாக்கியத்தைக் கேட்பவர்தான் மரியாதையாக விழுங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் விழுங்கிக்கொண்டோம். ஒகுச்சி விழுங்கவில்லை. வயதானதால் மறந்தாரோ, வேண்டுமென்றே செய்தாரோ, தலையைச் சாய்த்து ஒரு காதைக் காட்டிக் காத்திருந்தார்.

"அது கொஞ்சம்?"

மொரோஸுமி இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். இரண்டு பக்கமும் முகங்கள்தான். ஒளிந்துகொள்ள ஒரு முதுகுகூட இல்லை. ஐம்பத்திரண்டு வருடத்தில் அவர் 'அது கொஞ்சம்' என்பதற்கு மேல் எதையும் மறுத்து யாரும் கேட்டதில்லை.

"எனக்கு வேண்டாம், தலைவரே" என்றார். "எனக்கு அந்த வேலை பிடிக்கல. நான் கீழயே இருக்கேன். வர்றவங்க வரட்டும், அவங்ககூட இருக்கேன்."

யாரோ அரிசிப் பையைத் தவறவிட்டார்கள். கசாஹரா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இவ்வளவு அப்பட்டமான ஒரு வாக்கியத்தை அந்தக் கூடம் கேட்டதில்லை. அதில் வீரம் ஒன்றும் இல்லை. ஒரு மனிதன் தனக்கு எது வேண்டும் என்று சொன்னான், அவ்வளவுதான். ஆனால் அதை மற்ற யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஒகுச்சி சாய்த்த தலையை நிமிர்த்தினார்.

"அப்படியா. சரி." உடனே திரும்பினார். "ஹமா, அந்தப் பதவி உனக்கு எப்படி?"

ஹமாவின் பெரிய உடம்பு பின்னால் ஒதுங்கியது. "தலைவரே, அது கொஞ்சம்..."

தலைவர் மறுபடி காதைக் காட்டிக் காத்திருந்தார். மொரோஸுமி அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தார், கைப்பிடியைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக.